விலகுறன் லோயர்

மலேசியாவின் ஈப்போவில் எதிர்க்கட்சியோடு சண்டை போடும் லோயர்களுக்குப் பஞ்சமில்லை. சொந்தக் கட்சிக்காரர்களோடு மட்டுமே சண்டை போடும் லோயர் எங்களுக்குத்தான் வாய்த்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோபம் வந்தால், "நான் விலகுறன்!" என்று கத்துவார். எங்கள் எஸ்டேட்டில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

கட்சிக்காரர் தாமதமாக வந்தால் விலகுவார். பொய் சொன்னாலும் விலகுவார். ஹுத்தான் மெலிந்தாங் ஊர் மீன்காரர் ஒருவர், தன் வழக்கைப் பற்றி முடிதிருத்துபவரிடம் யோசனை கேட்டார் என்று தெரிந்ததும், விலக அனுமதி கேட்டுக் கோர்ட்டில் மனுவே போட்டுவிட்டார். மீன்காரர் ஓடி வந்து கெஞ்சினார். உடனே லோயர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். யாராவது கெஞ்சினால்தான் லோயருக்கு உற்சாகம் வரும்.

எங்கள் எஸ்டேட் பீடோர் பக்கம். அதை வாங்கிய புதுக் கம்பெனி, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தை இடித்து மாடி வீடுகள் கட்டத் துடித்தது. வேலை செய்தவர்களுக்கே வீடு என்று பழைய முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான் வழக்கு. காலமெல்லாம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த என் அம்மாவின் வீடும் அதில் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் லோயருக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. துரை சொன்னாலும் "சரிங்க", கணக்கெழுதும் கிராணி சொன்னாலும் "சரிங்க".

"ஒருக்காவாவது மாட்டம் எண்டு சொல்லிப் பழகுங்கோவன்!" என்று ஒருநாள் மேசையைத் தட்டினார்.

"சரிங்க லோயர்," என்றார்கள் எல்லாரும்.

வழக்கு நடக்கும்போதே மாரியம்மன் திருவிழா வந்தது. முதல் மரியாதை மேனேஜருக்கு என்பது எஸ்டேட் முறை. அதை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களைத் துரத்த வந்த கம்பெனியின் மேனேஜருக்கே பரிவட்டம் கட்டி மாலை போட்டோம். கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"கம்பெனி தயவுலதான் இங்க இருக்கோம். எப்ப போவச் சொன்னாலும் சந்தோஷமா போயிருவோம்!"

மேனேஜரின் ஆள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். அடுத்த விசாரணையில் கம்பெனி லோயர் அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார். மரியாதைக்குச் சொன்ன பேச்சு என்று நீதிபதிக்கு யார் விளக்குவது? எங்கள் மரியாதையில் இடி விழ!

லோயர் மறுநாளே விலகல் மனு போட்டார். நீதிபதி மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "ஒங்க லோயர் விலகணும்னு கேக்குறாரு. ஆட்சேபணை இருக்கா?"

லோயர் திரும்பி எங்களைப் பார்த்தார். கெஞ்சுவோம் என்று காத்திருந்தார், பாவம். தலைவர் கைகட்டி எழுந்தார்.

"இல்லீங்க. லோயர் இஷ்டம் எதுவோ, சரிங்க."

அனுமதி கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் லோயர் தலைவரின் சட்டையைப் பிடித்தார். "ஏன் ஐயா மறிக்கேல்லை?"

"படிச்சவங்க பேச்ச எப்படிங்க மறுக்கிறது?"

லோயர் சட்டையை விட்டுவிட்டு நடந்தார். தோற்கப் போகிற வழக்கை வேறு லோயர் யாரும் தொடவில்லை. எதிர்பார்த்தபடியே தோற்றோம்.

லயத்தைக் காலி செய்யும் நாளில் பாதிச் சாமான் லாரியில் ஏறிவிட்டது. அப்போது வியர்வையில் நனைந்த கறுப்புக் கோட்டோடு விலகுறன் லோயர் வந்து நின்றார்.

"நீங்கதான் விலகிட்டீங்களே லா! இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"வழக்குக்கு வரேல்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டவ," என்று என் அம்மாவைக் காட்டினார்.

பச்சைப் பொய். அம்மா அவரைக் கூப்பிடவே இல்லை. ஆனால் லாரியில் ஏற்றிய பானையை இறக்கச் சொன்னார்.

"ஆமா, நான்தான் கூப்பிட்டேன். வாங்க தம்பி."

உலை வைத்தார். கூடத்தில் இலை போட்டுச் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார். வாசலில் மண்வாரி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, நேரமாச்சு. வெளிய வாங்க," என்றார் மேனேஜர்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மாட்டேன். அவரு சாப்புட்டு முடிக்கட்டும்."

லோயரின் கை இலையில் அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். எங்கள் வீடு அன்று அந்தி வரை நின்றது. அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டிருக்கலாம்.