கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த கணக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் அக்காவும் சுகம் என்றுதான் போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

போன வாரம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். நாட்டில் வறுமை எவ்வளவு, ஜனங்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள், ஆணும் பெண்ணும் சமமாக இருக்கிறார்களா என்று அளக்கிறார்களாம். நாட்டை அளக்க வந்தவள் எதற்கு என் வீட்டுக் கக்கூஸை எட்டிப் பார்க்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்? தரை சிமெண்ட்டா மண்ணா, அடுப்பு விறகா கேஸா என்று ஒரே குடைச்சல். வரி போடுகிறவர்கள் அனுப்பிய ஆள் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நானா ஏமாறுவேன்? "ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டுக்காரருது, இடமில்லாம இங்க வெச்சிருக்கார்"னு சொல்லிட்டேன். சொல்லி வாயை மூடல, உன் அக்கா அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, "வெயில்ல வந்திருக்கியே, குடிம்மா"ன்னு ஜில்லுனு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கறா. அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே, மானம் போச்சு மாப்ளே.

அடுத்து படிப்பு. நான் காலேஜ், அவ எட்டாவதுன்னு சொன்னேன். "பத்தாவது"ன்னு சமையல்கட்டிலேர்ந்து குரல். கல்யாணம் ஆன நாளா எட்டாவதுன்னுதான் ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றேன், ஒரு நாளாவது மறுத்தாளா? "நீங்க என்னைக் கேக்கவே இல்லையே"ங்கறா. அக்காவும் தம்பியும் சேர்ந்து மறைச்சீங்களா? உண்மையைச் சொல்லிடு.

அப்புறம் "வீட்டில முடிவெடுக்கறது யாரு?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. நான்தான்னேன். "எல்லாத்துக்குமா?" எல்லாத்துக்கும்னு அழுத்திச் சொல்லிட்டு, சரிதானேன்னு உன் அக்கா முகத்தைப் பாத்தேன். அந்தப் பொண்ணு அதையும் குறிச்சுக்கிட்டா போல. "இனி அம்மாகிட்ட தனியா பேசணும் சார், நீங்க கூடத்துல இருங்க, எங்க வேலையே அப்படித்தான்"னா. என் வீட்டுல, என் படுக்கையறைக்கு வெளிய என்னை நிறுத்திக் கதவைச் சாத்தியாச்சு! கதவுல காதை வெச்சேன். தப்பில்லை, என் கதவு. "உறவுக்காரங்க வீட்டுக்குத் தனியா போகணும்னா யாரைக் கேப்பீங்க?" இது தெளிவா கேட்டுச்சு. பதில் வர்ற நேரம் பாத்துப் பாழாப்போன குக்கர் விசில் அடிச்சுது. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரே குசுகுசு, ஒண்ணும் பிடிபடலை. வெளிய வந்தப்போ உன் அக்கா கண்ணு சிவந்திருந்தது. வெங்காயம்னா. படுக்கையறையில ஏதுடா வெங்காயம்?

உள்ள நீ என்ன சொன்னேன்னு கேட்டா, "யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லைன்னு சொல்லியிருக்காங்க"ங்கறா. நைசா விஷயத்தைக் கறக்கலாம்னு நானே டீ போட்டுக் கொடுத்தேன், "என்ன வேணும் உங்களுக்கு?"ன்னு என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறா. அந்தப் பொண்ணு நீ அனுப்பின ஆளோன்னுகூட எனக்கு ஓடுது. ஏன்னா நேத்து பரண்மேலேர்ந்து பையை இறக்கி, "தம்பி வீட்டுல கொஞ்ச நாள் இருக்கப் போறேன்"னா. கேக்கலை மாப்ளே, சொன்னா. எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கதவுக்குப் பின்னால நான் எப்படிப்பட்ட ஆளா ஆனேன்னே தெரியலை. வெட்கத்தை விட்டுக் கேக்கறேன், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், இப்ப வராதேன்னு அவளுக்கு ஒரு போன் போட்டுடு. நான் சொன்னதா மூச்சு விடாதே.

உன் துணைவியாருக்கும் குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், யாரும் வந்து அளக்காமல், நிம்மதியாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குடும்பத் தலைவர் (நான் சொன்ன கணக்குப்படி)

பின்குறிப்பு: தபாலில் போடுகிற வேலை இல்லாமல் போச்சு. உன் அக்கா இன்னிக்கே கிளம்பறா. பையோட வாசல்ல நின்னுக்கிட்டு, "தம்பிக்குத்தானே எழுதறீங்க, கொடுங்க, நானே கொண்டுபோறேன்"ங்கறா. வெள்ளையடிக்கிறதை விட்டுடு. உள்ள என்ன சொன்னாங்கறதையும் அவகிட்ட கேக்காதே. அங்க சந்தோஷமா இருக்காளான்னு மட்டும் பாத்து எனக்கு எழுது. ரொம்ப சந்தோஷமா இருந்தா எழுத வேண்டாம்.