பாத்திரத்தின் அடியில் லவோன்

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

தம்பி வெர்லின் எழுதிக்கொண்டது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மினசோட்டாவில் அக்டோபரிலேயே பனி விழுந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் என் தூரிகைகளும் பெயிண்ட் டப்பாக்களும் இருக்கின்றன. உன் பேத்திக்குக் கொடுத்துவிடு. நான் ஓவியத்தை விட்டுவிட்டேன். தோற்றுப்போனேன் என்று நினைக்காதே. ஜெயித்த பிறகுதான் விடுகிறேன், ஊர்தான் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் லாரி எடை போட்டவன் வீட்டோடு உட்கார்ந்ததும், லவோன் என்னை நூலகத்து ஓவிய வகுப்புக்குத் துரத்தியது உனக்குத் தெரியும். என் திறமையைக் கண்டு அல்ல, புதன்கிழமையாவது சமையலறை காலியாக இருக்கட்டும் என்று. மூன்றாம் வாரமே நம் ஏரியை வரைந்து சோபாவுக்கு மேலே மாட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்து, "வித்தியாசமா இருக்கு" என்றாள். நம் ஊரில் அதைவிடக் கடுமையான வசவு உண்டா, நீயே சொல். நாற்பத்தாறு வருஷம் என்னோடு குப்பை கொட்டியவள் வாயிலிருந்து ஒரே ஒரு 'மோசமில்ல' வாங்காமல் சாவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அதற்கு மேல் நம் ஜனங்களிடம் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னதே அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்ததில் குற்றம் என் மேல் இல்லை, சுவரின் மேல் என்று தெரிந்தது. சுவரை யார் பார்க்கிறார்கள்? மனுஷன் ஒன்றை உற்றுப் பார்ப்பது சாப்பிடும்போதுதான். அதனால் சர்ச் விருந்துக்கு லவோன் இறைச்சியும் காளான் குழம்பும் போட்டுச் சுட்டு, ஹாட்டிஷ் செய்துகொண்டு போகும் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து, அடியில் பெயர் எழுதி ஒட்டியிருந்த டேப்பை உரித்துவிட்டு, வெளிப்பக்கமாக அவளையே வரைந்தேன். கல்யாணத்துக்கு முந்தின கோடையில் படகுத்துறையில் ரப்பர் பூட்ஸோடு நின்றாளே, அந்த லவோன். தின்னத் தின்ன கண்ணாடி வழியே மேலிருந்து தெரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னாகச் செய்ய வேண்டும். முதலில் கண்ணின் மினுக்கு, அப்புறம் கண், அப்புறம் முகம், கடைசியில் எல்லாவற்றையும் மூடிப் பின்னணிக்கு நீலம். சரக்கோடு லாரியை முதலிலும் வெறும் லாரியைக் கடைசியிலும் எடை போட்டுப் பழகியவனுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

ஒரு சாவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவும்போது சர்ச் சமையல் குழுத் தலைவி பெவர்லி அதைப் பார்த்துவிட்டாள், பார்த்தவள் மறுநாளே தன் பாத்திரத்தோடு வந்து, போன வருஷம் காலமான கணவர் ஆரினின் முகத்தை வரையச் சொன்னாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பிவர, இலையுதிர் கால விருந்துக்குள் பத்தொன்பது பாத்திரங்களுக்கு அடியில் நாய், டிராக்டர், பேரன், பேத்தி என்று வரைந்து தள்ளினேன். லவோன் மட்டும் தன் பாத்திரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விருந்தன்றுதான் ஒன்றை மறந்துபோனது தெரிந்தது. நம் ஜனங்கள் கடைசித் துண்டை எடுக்க மாட்டார்கள். பெவர்லியின் பாத்திரத்தில் ஆரினின் காது தெரிகிறது, மோவாய் தெரிகிறது, மூக்கின் மேல் அந்தக் கடைசித் துண்டு குந்திக்கொண்டிருக்கிறது.

"நீங்க எடுத்துக்கங்க, பாஸ்டரம்மா."

"ஐயோ, எனக்கு வயிறு நிறைஞ்சுடுச்சு. நீங்க எடுங்க."

"சரி, பாதி மட்டும்."

அந்தப் பாதியில் இன்னொருத்தர் பாதி. அதில் இன்னொருத்தர் பாதி. கத்தி கைமாறிக்கொண்டே இருக்கிறது, வரிசை வாசல் வரை நிற்கிறது, மூக்கு மட்டும் வெளியே வரவில்லை. பால்பண்ணை டெல்மாருக்குப் பொறுமை போய்விட்டது.

"இதென்ன, ஆபரேஷனா பண்றீங்க? தள்ளுங்க!" என்று பாத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கி, அடியில் பார்த்தான். "என்னய்யா இது, வெறும் நீலம்!" என்று இன்னும் நன்றாகச் சாய்த்தான். மிச்சமிருந்த காளான் குழம்பெல்லாம் பாஸ்டரம்மாவின் வெள்ளைப் போதகர் காலருக்குள் இறங்கியது. "பரவாயில்ல, பரவாயில்ல" என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறை சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

சமையல் குழு அங்கேயே கூடியது. "இனிமே டேப்பு, அதுல பேரு, அவ்வளவுதான். படம் பாக்கணும்னா வீட்ல டிவி இருக்கு" என்றாள் பெவர்லி. மூன்று நாளாக சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பிளேடால் எல்லா முகங்களையும் சுரண்டினேன். பதினெட்டு முடிந்தது. பெவர்லியின் பாத்திரம் மட்டும் வந்துசேரவில்லை. கேட்டால், எங்கே வைத்தாள் என்று ஞாபகமில்லையாம்.

பாக்கி இருப்பது லவோனுடையது. கடைசித் துண்டை யாரும் தொடாததால் அப்படியே வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. கடிதத்தை முடித்ததும் அதையும் சுரண்டிவிடுவேன். ஓவியன் வெர்லினின் கதை அத்தோடு முடிகிறது.

உங்கள் வீட்டில் எல்லா நலமும் தங்கட்டும். அத்தானின் கோல்ஃப் பந்து ஒரு தடவையாவது குழியில் விழட்டும்.

என்றும் உன் தம்பி,
வெர்லின்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்திருப்பேன், திரும்ப எழுதக் கை ஒத்துழைக்கவில்லை. பிளேடோடு சமையலறைக்குப் போனேன். லவோன் மேஜையில் உட்கார்ந்து, மூன்று நாள் பழைய கடைசித் துண்டைச் சூடுகூடப் பண்ணாமல் பாத்திரத்திலிருந்தே தின்றுகொண்டிருந்தாள். கடைசித் துண்டை அவள் எடுத்து நான் பார்த்ததே இல்லை. முட்கரண்டியால் சுத்தமாக வழித்துவிட்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெருசு" என்றாள்.

"அழிச்சிடறேன்."

"அந்தப் பிளேடைக் கீழ வை, வெர்லின்." முட்கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, "மோசமில்ல" என்றாள்.

"இன்னொரு தடவை சொல்லேன்."

"வாங்கினது போதும். போய்ப் பெட்டியைப் பிரி."

ஆகவே பெட்டியில் தூரிகை எதுவும் இல்லை. லவோன் போட்ட பீட்ரூட் ஊறுகாய் ஒரு பாட்டில்தான் இருக்கிறது. அடியில் ஒரு ஆளை வரைந்திருக்கிறேன். யார் என்று தூக்கிப் பார்க்காதே, நீலம்தான் தெரியும். அத்தானோடு பாதி, பாதியில் பாதி என்று விளையாடாமல், கடைசித் துண்டை நீயே எடுத்துத் தின்றுவிடு, அக்கா.