இறப்புப் பதிவேட்டில் பிறந்த மகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. போனில் சொன்னால் சிரிப்பாய் என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

புது வேலைக்கு வேண்டுமென்று நீ கேட்ட பிறப்புச் சான்றிதழை வாங்க, நான் முப்பத்தொரு வருஷம் பிறப்பு இறப்பு எழுதிய சுகாதார அலுவலகத்துக்கே நேற்றுப் போனேன். ஜன்னலோரம் என் மேஜை அப்படியே இருக்கிறது. வலப்பக்கம் பிறப்பு, இடப்பக்கம் இறப்பு என்று இரண்டு பதிவேடுகள் கிடந்த இடத்தில் இப்போது ஒரு கம்ப்யூட்டர். என் பேனா கக்கிய மைக்கறைகூடப் போகவில்லை. சிரித்துக்கொண்டு வருபவர்களையும் அழுதுகொண்டு வருபவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த காலம் அது. குழந்தைக்குப் பெயர் முடிவாகாமல் என் முன்னாலேயே சண்டை போட்ட மாமியார் மருமகள்கள் எத்தனை பேர்.

பதிவாளர் அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். தேடிப் பார்த்துவிட்டு, "சார், உங்க பொண்ணு பிறக்கவே இல்லையே" என்றார்.

"அப்ப வாரம் தவறாம போன்ல என்னைத் திட்டுறது யாரும்மா?" என்றேன்.

பழைய பதிவேடுகளை இறக்கினோம். ஏழெட்டுத் தும்மலுக்குப் பிறகு நீ அகப்பட்டாய், இறப்புப் பதிவேட்டில். என் கையெழுத்தேதான். வயது, இருபது நிமிடம். இறப்புக்குக் காரணம், சுகப்பிரசவம். அன்று ஒரு பெரியவரின் இறப்பை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பிரசவ வார்டிலிருந்து நர்ஸ் ஓடிவந்து, "பொண்ணு பிறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். தலைகால் புரியாமல் அடுத்த வரியிலேயே உன்னை எழுதிவிட்டு ஓடியிருக்கிறேன். பதிவு குமாஸ்தாவின் பெண் என்பதால் பள்ளிக்கூடத்தில்கூட யாரும் உன் சான்றிதழைக் கேட்கவில்லை.

எழுதியவரே நேரில் வந்து "என் தவறு" என்று கையெழுத்துப் போட்டால்தான் திருத்துவார்களாம். ஓர் எழுத்துப் பிழைக்கு மனிதர்களை மூன்று நடை நடக்க வைத்தவன் நான். என் சர்வீசில் தவறே கிடையாது என்று மார்தட்டியவன். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

சான்றிதழ் தபாலில் வந்துவிடும். நீ ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது, ஆனாலும் இதற்காக லீவு போட வேண்டாம். உன்னை எழுதிய அந்த வரியைத் தடவிப் பார்த்தேன், எனக்கு அதுவே போதும்.

தாமதமாகப் பதிவானாலும் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பதிவாளர் அம்மா போன் செய்தார். படிவத்தில் 'இறந்தவர் பெயர்' என்று கேட்ட இடத்தில் நான் என் பெயரை எழுதிவிட்டேனாம். ஆக, நீ பிறந்துவிட்டாய், நான் நேற்றோடு காலமாகிவிட்டேன். பெற்ற பிள்ளை நேரில் வந்து, அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால்தான் நீக்குவார்களாம். "வேணும்னே எழுதினீங்களா?" என்று உன் அம்மா கேட்கிறாள். முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? லீவு வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. எப்படியும் பத்து நாளாகும், அதற்குத் தகுந்தபடி துணிமணி எடுத்துக்கொண்டு வா.