இடது பக்கம் திரும்பினா கத்துற காரு

கிட்ட வந்து உக்காருங்க. சத்தமா சொல்ற விசயமில்ல, உள்ள என் வூட்டுக்காரி தைலம்மாள் இருக்கா.

வெள்ளிமலையில பேத்திக்குக் காது குத்து வச்சிருந்தா எம் மக கோகிலவாணி. மலை ஏறும்போது பாட்டு கேக்கலாமேன்னு, பழைய காருல பாட்டுப் பொட்டி மாட்டச் சொன்னேன். மாட்டினவன் கள்ளக்குறிச்சி எலக்ட்ரீசியன் வேடியப்பன்.

மறுநாளே காருக்குப் பேய் புடிச்சுது. நேராப் போனா சாது. இடது பக்கம் ஒடிச்சா, தன்னால ஹாரன் 'பாம்'முனு கத்தும். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மாடு மெரண்டு பூக்கடைக்குள்ள பூந்துடுச்சு. ஷேர் ஆட்டோக்காரன் எட்டிப் பாத்து, "பெருசு, இன்னா அவசரம்?"ன்றான்.

விடிஞ்சா காது குத்து. கம்மல் எங்ககிட்ட. மலை ரோட்டுல எத்தினி வளைவு!

"பேசாம எங்க அண்ணன் ஜீப்புல போய்டலாங்க"ன்னா தைலம்மாள்.

மச்சான் சின்னராசு ஜீப்புன்னா அவன் முன்னாடி, நான் பின்னாடி வாழைத்தாரோட. முப்பது வருசமா அவன்கிட்ட தலை குனியாதவன் நான்.

"காருலதான் போறோம். இது சபதம்!"

வேடியப்பனைக் கூப்ட்டு வந்தேன். டெஸ்ட் லைட்டை வச்சுக் குத்திக் குத்திப் பாத்தான். ஒண்ணும் ஆம்புடல.

"ஹாரன் ஃப்யூஸைப் புடுங்கிடவா அண்ணே?"

"புடுங்கிட்டு? எதுத்தாப்ல பஸ் வந்தா நான் வாயால கத்தவா?"

"எங்கிட்ட தப்பு இல்லண்ணே. நான் போனப்புறம் யாராச்சும் உள்ள கை வச்சாங்களா?"

"யாரு வைப்பா? உன் கைதான் கோணக் கை!"

அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. தைலம்மாள் நீட்டின காப்பியைக்கூட வாங்காம நடந்துட்டான்.

அவ நேரா வந்து காரு முன்சீட்டுல உக்காந்தா. டேஷ்போர்டு மேல இருந்த பிள்ளையாரையே பாத்துக்கினு இருந்தா.

"ஏங்க, நீங்க எதையும் தொடலியே?"

"நான் இன்னாத்துக்குத் தொடறேன்?"

"அப்போ பிள்ளையாரு தலைல கை வச்சு சத்தியம் பண்ணுங்க. நல்லா அழுத்தி."

நம்ம சாமிதானே, மன்னிச்சுடுவாருன்னு அழுத்தினேன். "பிள்ளையாரப்பா, நான் எதையுமே தொட..."

பா...ம்ம்ம்!

தெருவே எட்டிப் பாத்துச்சு.

அப்புறம் இன்னாத்த மறைக்கிறது? மலை வளைவுல சாமி உருண்டுடக் கூடாதேன்னு, வேடியப்பன் போன அன்னிக்கு சாயங்காலமே நாந்தான் ஒரு ஸ்க்ரூ அடிச்சேன். ரெண்டு இஞ்ச் நீளம். அது கீழ போன ஹாரன் ஒயரைக் குத்திக்கினு நின்னிருக்கு. இடது வளைவுல பிள்ளையாரு சாஞ்சா, ஸ்க்ரூ உள்ள இருக்கிற இரும்புல பட்டு ஹாரன் அடிச்சிருக்கு.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"காலைல அவருக்குக் குங்குமம் வெக்கும்போது கத்துச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்தப் பையனைத் திட்டினீங்க பாருங்க, அதான் பொறுக்கல. போய்க் கூட்டியாங்க."

கூட்டியாந்தேன். ஸ்க்ரூவைக் கழட்டி, ஒயருல டேப்பு சுத்த அஞ்சு நிமிசம். அவன் கையைப் புடிச்சு, "தப்பு என்னுதுடா"ன்னேன். சிரிச்சிட்டான். இந்த வாட்டி காப்பியும் குடிச்சான்.

மறுநாள் மலை ரோடு. தைலம்மாள் மடியில பிள்ளையாரு. மொதல் இடது வளைவு வந்துச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கலாம்னு பாத்தேன், வண்டி ஓட்றது நானாச்சே. திருப்பினேன். சத்தமே இல்ல. அப்பாடா! அதுக்கப்புறம் பாட்டுதான். நேரத்துக்குப் போய்ச் சேந்தோம். பேத்தி ஊரே கேக்க அழுதா, கம்மல் ஏறிடுச்சு.

பந்தியில சின்னராசு கேட்டான்: "இன்னா மாப்ள, காருல ஏதோ கோளாறுன்னாங்க?"

நான் அப்பளத்தை நொறுக்க ஆரம்பிச்சேன். தைலம்மாள் முந்திக்கினா.

"அதெல்லாம் இவரே கண்டுபுடிச்சுட்டாருண்ணே. ஒயரு வேலைல இவரை அடிச்சுக்க ஆளில்ல."

மச்சான் என்னை அண்ணாந்து பாத்தான். முப்பது வருசத்துல மொதல் தடவை. நெஞ்சு நெறஞ்சு போச்சு.

"உன் ஜீப்புல லைட்டு எரியலன்னியே, சாவியைக் கொடுண்ணே, இவரே பாத்துடுவாரு"ன்னு தைலம்மாள் வாங்கி, எச்சிக்கையோட இருந்த என் சட்டைப் பையில போட்டா.