துணை மூச்சு

மூன்றாவது திருப்பத்தில் சின்னமுத்து மறுபடியும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னைக்கு இதோட நாலு தடவை," என்று சொல்லிக்கொண்டே மூக்காயியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னாரு வரைக்கும் இப்படித்தான் உக்காந்து உக்காந்து போவியாய்யா?"

"நெஞ்சு அடைக்குது புள்ள."

"ஊது. சொன்ன மாதிரி ஊது."

இருவரும் மூக்கால் இழுத்து, சூட்டுக் கஞ்சியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார்கள். அம்பிட்டிய மலைச்சரிவு முழுக்கக் காப்பி பூத்துக் கிடந்தது.

தை மாதம் கண்டிப் பட்டணம் போய்வந்த சின்னமுத்து, தனக்கு நெஞ்சில் இரைப்பு என்று மருந்துக்கடை மஹ்மூத் நானா சொன்னதாக வந்து சொன்னான். சுருட்டு கூடாது. காப்பித் தொலித் தூசி கூடாது. அடுப்புப் புகை ஆகவே ஆகாது. தினமும் மலை ஏறி இறங்க வேண்டும், அதுவும் தனியாக அல்ல. கூட ஓர் ஆள் அதே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு வர வேண்டும்.

"சீக்கு உனக்கு, ஊதணும் நான். நல்ல வைத்தியம்!"

ஆனாலும் ஊதினாள். பங்குனியில் கங்காணி காளிமுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவார். மாத்தளை, தம்புள்ளைக் காடு, மன்னார் வரை நடை, அப்புறம் தோணி. மூச்சு வாங்குகிற ஆளை அவர் சேர்ப்பதில்லை. கடலுக்கு அக்கரையில், நாத்தனார் வீட்டில், ஐந்து வயதில் விட்டுவந்த மகள் ராக்கம்மா இருந்தாள். மூன்று வருஷமாகிவிட்டது. வந்த புதிதில், கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்ற காப்பிச் செடியோடு மகளின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வாள் மூக்காயி. பிறகு தோட்டத்துத் துரை எல்லாச் செடியையும் இடுப்பளவில் வெட்டச் சொல்லிவிட்டார். செடி அப்படியே நின்றுவிட்டது. மகள் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அடுப்பை லயத்துக்கு வெளியே வைத்தாள். மழை வந்தது. ஈர விறகு இரண்டு பங்கு புகைந்தது. ஊதப் போனவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சின்னமுத்து ஓடிவந்து ஊதுகுழலைப் பிடுங்கினான்.

"நெஞ்சுச் சீக்காளி நீயா ஊதுவ?" என்றாள் மூக்காயி.

"ஊதுனா நல்லதுன்னு மஹ்மூத் நானா சொன்னாரு."

"புகை ஆகாதுன்னும் அவருதானே சொன்னாரு?"

"அது வேற புகை."

கங்காணியிடம் மன்றாடி அவனைத் தொலித் தூசி பறக்கும் காப்பி ஸ்டோரிலிருந்து புல்வெட்டுக்கு மாற்றினாள். மறுநாளே அவன், தனியாக விட்டால் விழுந்துவிடுவேன் என்று அழுது அவளையும் மாற்ற வைத்தான். அதோடு லயம் முழுக்கச் செய்தி பரவியது: சின்னமுத்து தேற மாட்டான். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ரத்தினம்மா கோழிக் குழம்போடு வந்து, ஒப்பாரிக்குத் தயாராவதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் இருக்காரா?"

"இருக்கேன்," என்றான் சின்னமுத்து, கோழிக்காலைக் கடித்தபடி.

 இந்தப் பேச்சு கங்காணி காதில் விழுந்தால் ஊர் திரும்புகிறவர்கள் பட்டியலிலிருந்து அவன் பேர் போய்விடும். அவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? மகளைப் பார்க்காமல்தான் எப்படி இருப்பது? மூக்காயி நேரே கங்காணியிடம் போனாள்.

"ஐயா, நாளைக்கு ஓடையிலேருந்து ஸ்டோர் வரைக்கும் உக்காராம ஏறிக் காட்டுறோம். பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

"ரெண்டு பேருமா?"

"தனியா ஏறக் கூடாதுங்களே."

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் காலை இருவரும் ஏறினார்கள். "ரெண்டு எட்டுக்கு இழு, நாலு எட்டுக்கு ஊது," என்று அவள் சொல்லச் சொல்ல அவன் நடந்தான். மூன்றாவது திருப்பத்தில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உக்காரலாமா புள்ள?"

"உக்காந்த, கொன்னுடுவேன். நட."

ஸ்டோர் வாசலை எட்டியபோது சின்னமுத்துவுக்குக் கண் கலங்கியிருந்தது. கங்காணி அதைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்து மூக்காயி முந்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா ஐயா? ஒரு எடத்துலயும் உக்காரல. இவரு பேரை மட்டும் அடிச்சிராதீங்க."

கங்காணி பெயர்ப் பட்டியலைப் பிரித்தார்.

"இவன் பேரை யாரு அடிச்சா? மூச்சு வாங்குதுன்னு தையிலேயே நான் அடிச்சது உன் பேரைத்தான் தாயி. இந்தா, மறுபடி எழுதிக்கிறேன்."