ஆட்டு நாக்கில் ஒரு குடித்தனம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், கடவுள் படைத்தது போதாதென்று தானும் படைக்க உட்கார்ந்தவர் எங்கள் நாக்கொட்டி ஒருவர்தான்.

தியாகதுருகத்தில் எங்கள் மாடி அறையில் குடியிருந்தார். தொழில் செல்போன் ரிப்பேர். கோடி வருஷம் கழித்துக் கல்வராயன் மலையில் என்னென்ன ஜீவன்கள் திரியும் என்று, அவரும் போனிலேயே பழக்கமான சில சிநேகிதர்களும் கற்பனை செய்து, படத்தோடு ஒரு தொகுப்பாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இவர் படைத்தது ஓர் ஒட்டுண்ணி: நாக்கொட்டி. ஆட்டின் நாக்கில் குடியேறி, தழையை முதலில் ருசி பார்த்து, பாதியைத் தானே தின்றுவிடும். தெரு அந்தப் பெயரை அவருக்கே வைத்துவிட்டது. வேளை தவறாமல் சாப்பாடு எங்கள் வீட்டில்தானே.

சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கும் சமையலை என் மனைவி ருசி பார்க்க மாட்டாள். படைத்ததும் முதல் வாய் அவருக்கு.

"அண்ணி, சாம்பார்ல உப்பு கம்மி."

ஓசிச் சோற்றில் இது வேறு. "அந்தப் பூச்சி இல்லன்னா ஆடு நல்லாத்தான இருக்கும்?" என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டேன்.

"அதான் இல்லீங்கண்ணே. போவப் போவ ஆட்டுக்குச் சொந்தமா ருசியே தெரியாது. பூச்சி போச்சுன்னா முழிச்சிக்கினு நிக்கும்."

தொகுப்புக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியது. வாயில் பூச்சியோடு களிமண்ணில் ஓர் ஆட்டுத் தலை செய்தார். மாடி முழுக்க என் மனைவியின் வடகம். அதனால் அய்யனார் கோயில் மண் குதிரைகளுக்கு நடுவில் காய வைத்தார்.

மறுநாள் எடுத்துவர நானும் அவரும் போனால், ஆட்டுத் தலைக்கு மஞ்சள், குங்குமம், மாலை. ஆடு மேய்க்கும் அஞ்சலை கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆட்டுக்கு வாய்ப்புண். அதே நோய்க்கு யாரோ நேர்ந்து வைத்த உருவம் என்று நினைத்துவிட்டார்.

"இது நான் செஞ்ச பூச்சிம்மா. இத வூட்டுக்கு எடுத்துக்கினு போவணும்."

"இன்னா சார் பேசறீங்க? காலைல கும்புட்டேன், இப்ப ஆடு தழ கடிக்குது. கைய வெச்சுப் பாருங்க."

நாக்கொட்டி பரிதாபமாக என்னைப் பார்த்தார். அய்யனாருக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாலையோடு படமெடுத்து அனுப்பினார். மேலே மஞ்சள் தோல் எதற்கு என்று சிநேகிதர்கள் கேட்டார்களாம். "பாதுகாப்புக்கு. அதத் தொட எவனுக்கும் தைரியம் வராது" என்று பதில் போட்டார். தொகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வருஷம் கடையைத் திருக்கோவிலூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். பிடுங்கல் விட்டதென்று பெருமாளுக்குக் கற்பூரம் ஏற்றினேன். அந்தச் சனிக்கிழமை என் மனைவி படைத்து முடித்து எனக்கு இலை போட்டாள். சாம்பாரை ஊற்றிவிட்டு, "ஏங்க, உப்பு சரியா இருக்குதா?" என்றாள்.

ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். இன்னொரு வாயும் வைத்துப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.