மூன்று ஸ்டார்ட்டர் வாங்கிய விவரம், சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை காலை உங்கள் வேன் ரொட்டித் தொழிற்சாலை வாசலில் நிற்காவிட்டால், பதினோரு வருடமாக நீங்கள் ரொட்டி போடும் கடைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று போனில் மூன்று முறை சொன்னீர்கள். மூன்று முறையும் காதில் விழுந்தது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதமென்றால் கடைசி வரை கேட்டுத்தானே ஆகவேண்டும்?

உங்கள் வேனின் எஞ்சின் படுத்ததும், நானே வேறு எஞ்சின் மாற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான், மறுக்கவில்லை. பழைய இயந்திரம் வாங்கி விற்றே ஆளானவன் நான். என் கொட்டகையில் நல்ல எஞ்சின் ஒன்று சும்மா கிடந்தது, உங்கள் வண்டியுடையதைவிடக் கொஞ்சம் பெரியது, தூக்கி வைத்தோம், உட்கார்ந்துவிட்டது. கியர்பாக்ஸ் உங்கள் பழையதே. ஆக, பெண் வீட்டு எஞ்சின், மாப்பிள்ளை வீட்டு கியர்பாக்ஸ். சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடுவது ஸ்டார்ட்டர். நடுவில் நிற்கும் அது யார் பக்கம் பேசுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. எஞ்சினுக்கு உரிய ஸ்டார்ட்டரையே வாங்கி வந்தேன். எங்கள் மெக்கானிக்கை நிதானம் என்றுதான் கூப்பிடுவோம்; ஒரு நட்டைக் கழற்ற அரை நாள் எடுப்பார். வண்டிக்கு அடியில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"அண்ணே, இது ஏறாது."

"ஏன்?"

"மாட்டுற இடம் கியர்பாக்ஸ் பக்கம்ல இருக்கு. அங்க ஓட்டை ரெண்டு. இதுக்கு மூணு."

"வாங்கப் போகும்போதே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலியே."

சரி என்று கியர்பாக்ஸுக்குப் பொருந்துவதாக இரண்டாவதை வாங்கினேன். போல்ட் வழுக்கிக்கொண்டு ஏறியது. சாவியைத் திருப்பினேன், எழுந்த நறநறச் சத்தத்தில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் கருவியும் கையுமாக வெளியே வந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்ற வேண்டிய பல்சக்கரம் எஞ்சினோடு வந்தது. அதன் பற்கள் நெருக்கம், ஸ்டார்ட்டரின் பற்கள் அகலம். இங்கே வந்திருக்கும் உங்கள் மருமகள் இதைப் பார்த்துவிட்டு, சாக்பீஸால் குறி போட்டுப் பல்லை எண்ணி, ஓட்டைக்கு ஓட்டை தூரம் அளந்து, காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தோடு ஒன்பது கடை ஏறி இறங்கி மூன்றாவதைப் பிடித்தேன். ஓட்டை சரி, பல்லும் சரி, எஞ்சின் கம்பீரமாகச் சுற்றியது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. அவள் அந்தக் காகிதத்தையே புகைக்குழாய் வாயருகே பிடித்தாள். அது குழாயில் போய் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, காத்து வெளிய வரல. உள்ள இழுக்குது. எஞ்சின் தலைகீழா சுத்துது!"

"எந்தப் பக்கம் சுத்தணும்னு நீ எழுதலியேம்மா."

"அதக்கூடவா எழுதுவாங்க? சரி, பழைய ஸ்டார்ட்டர் எங்க? அதையும் பழைய பல்சக்கரத்தையும் சேர்த்து மாட்டினா முடிஞ்சுதே."

"அதத்தான் நான் மொதல் நாளே நெனச்சேன்" என்றார் நிதானம்.

இந்த இடத்தில் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. பழைய எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்த கையோடு, ஸ்டார்ட்டர், பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து விற்றுவிட்டேன். தரையில் கிடக்கும் பொருளைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. முப்பது வருடப் பழக்கம். ஓடிப்போய் விசாரித்தேன், வாங்கியவர் உருக்கியே விட்டார். இப்போது சரியான ஸ்டார்ட்டர் ஒன்று வெளியூரிலிருந்து புதன்கிழமை வருகிறது. அதுவரை தொழிற்சாலையில் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் வாங்கிவையுங்கள். நம்பாவிட்டால் நானே வந்து உங்கள் காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். கோபத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் மகள் பல் எண்ணியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: காய்ச்சல் வேண்டாம். மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். கடிதத்தை மடிக்கும்போது ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார், உங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். அவர் பண்ணை மேட்டில் இருக்கிறது, உருட்டிவிட்டே கிளப்பிக்கொள்வாராம். அவருடைய நீல வேனுக்கு உங்களுடையதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டிருப்பேன், அதற்குள் அவர் மனம் மாறியிருக்கும். இதைப் படிக்கும்போது அந்த வண்டி உங்கள் வீட்டில் நிற்கும். ஓட்டி வந்தது உங்கள் மருமகள். சாவியைத் தொட்டாலே கிளம்புகிறது, ஆசைக்கு ஏழு தடவை கிளப்பிப் பார்த்தேன். திங்கட்கிழமை தாராளமாகப் போகலாம். ரிவர்ஸ் மட்டும் விழாது. அதனால் தெருவிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மறந்துபோய் நேரே உள்ளே விட்டிருந்தால் பின்பக்கச் சுவரை இடித்து எடுங்கள். செங்கலை நான் வாங்கிக்கொள்கிறேன்.